சூடானதும் நின்றுபோகும் எஞ்சின்: கப் கேடட் 122 தோட்ட டிராக்டர் சீரமைப்பு, ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டியும் புகாரும்

வண்டி கப் கேடட் 122. 1960-களின் நடுவில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் உள்ள லூயிவில் ஆலையில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் செய்த தோட்ட டிராக்டர். எஞ்சின் கோலர் கே301. ஒற்றை சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக், வால்வுகள் ஹெட்டில் இல்லாமல் சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே நிற்கும் சைடு வால்வு அமைப்பு. போர் (சிலிண்டரின் விட்டம்) 3.375 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 3.25 அங்குலம், கொள்ளளவு 29.07 கன அங்குலம்; சிசி கணக்கில் ஏறக்குறைய 476. திறன் 12 குதிரை.

குளிர்ந்த நிலையில் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். இருபது நிமிடம் வேலை செய்ததும் இழுவை குறையும். அந்த நேரத்தில் நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் ஆகாது. முக்கால் மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். சைலன்சரில் எந்நேரமும் லேசான நீலப் புகை.

சூடானால் நிற்கிறது என்றதும் எல்லோர் கையும் பிளக்குக்கு மின்சாரம் ஊட்டும் காயிலுக்குத்தான் போகும். இந்த வண்டியிலும் அதுதான் நடந்திருக்கிறது. காயில், கண்டென்சர், பாயிண்ட் (பொறி பாயும் கணத்தில் மின்சுற்றைத் திறக்கும் தொடர்பு முனை), பிளக் நான்கும் புதிது. கார்புரேட்டருக்கும் கிட் போடப்பட்டிருந்தது. புகார் மட்டும் அப்படியே இருந்தது.

இந்தக் குறிப்பில் வரும் "தௌ" என்பது பட்டறை வழக்கு: அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மில்லிமீட்டர்.

பிரிப்பதற்கு முன்பே செய்த சோதனைகள்

பழைய எஞ்சினைக் கண்டதும் பிரித்துப்போடும் ஆசையை அடக்கியே ஆகவேண்டும். பிரித்த எஞ்சினில் தேய்ந்த பாகம் தெரியுமே தவிர, எந்தத் தேய்மானம் புகாருக்குக் காரணம் என்று தெரியாது. அதற்கு ஓடும் எஞ்சின் வேண்டும்.

முதலில் சூடாக்கி, நின்றுபோன அதே நிமிடத்தில் பிளக் வயருக்கு நடுவே ஸ்பார்க் டெஸ்டரை மாட்டிப் பார்த்தது. பொறி நீலமாக, தடித்து, விடாமல் பாய்ந்தது. மின்சாரப் பக்கம் சுத்தம். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடித் திருகைக் கழற்றியபோது பெட்ரோல் தடையின்றி வழிந்தது. எரிபொருளும் வருகிறது. மிச்சம் கம்ப்ரஷன்.

இங்கே ஒரு சிக்கல். இந்த எஞ்சினின் கேம் ஷாஃப்டில் கம்ப்ரஷனைத் தானாகத் தளர்த்தும் அமைப்பு இருக்கிறது. ஸ்டார்ட் செய்யும் மெதுவான வேகத்தில் எக்ஸாஸ்ட் வால்வை ஒரு மயிரிழை தூக்கிப் பிடித்து, ஸ்டார்ட்டரின் பாரத்தைக் குறைக்கும். வேகம் ஏறியதும் விலகிக்கொள்ளும். ஆகவே பிளக் துளையில் சாதாரண கம்ப்ரஷன் கேஜை வைத்து ஸ்டார்ட்டரால் சுற்றினால், நல்ல எஞ்சினும் செத்த எஞ்சின்போல் காட்டும். அந்த அளவை நம்பி ரிங் மாற்றி ஏமாந்தவர்கள் நிறைய. கையால் பார்க்க வேண்டுமானால் ஃப்ளைவீலை ஓடும் திசைக்கு எதிராகச் சுழற்றவேண்டும். கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் வெடுக்கென்று திருப்பித் தள்ளும். குளிர்ந்த நிலையில் இந்த எஞ்சின் சுமாராகத் தள்ளியது. சூட்டில் தள்ளவே இல்லை.

அடுத்தது கசிவுச் சோதனை. பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியாக 80 பிஎஸ்ஐ காற்றைக் கொடுத்து, உள்ளே எவ்வளவு நிற்கிறது என்று இரண்டாவது கேஜில் பார்ப்பது. உச்சியில் வால்வைத் தூக்கும் அமைப்பு விலகியிருக்கும் என்பதால் அளவு நம்பகமானது. ஃப்ளைவீலை இறுக்கிப் பிடிக்க வழி செய்யாமல் காற்றைத் திறக்கக் கூடாது. பிஸ்டன் உச்சியிலிருந்து கொஞ்சம் தள்ளியிருந்தாலும் கிராங்க் சட்டென்று சுழன்று கையை முறிக்கும்.

குளிரில் 80-க்கு 62 நின்றது. கசிவு 22 சதவீதத்துக்குச் சற்று மேல். காற்றுச் சத்தம் கிராங்க் கேஸ் பிரீதரில், அதாவது எஞ்சினின் அடிப்பெட்டி மூச்சுவிடும் வழியில், கேட்டது. அதாவது ரிங்குகளைத் தாண்டிப் போகிறது. சூட்டில் 80-க்கு 22 மட்டும். கசிவு 72 சதவீதம். இம்முறை சத்தம் சைலன்சர் வழியாக உஸ்ஸென்று வந்தது. கார்புரேட்டர் வாயில் சத்தமே இல்லை. இன்டேக் வால்வு சரி, எக்ஸாஸ்ட் வால்வு சூட்டில் மூடவில்லை.

எக்ஸாஸ்ட் டேப்பெட்: 18-க்குப் பதில் 3

கார்புரேட்டரைக் கழற்றினால் பிரீதர் மூடிக்குக் கை நுழையும். மூடிக்குப் பின்னால், கேமின் அசைவை வால்வுத் தண்டுக்குக் கடத்தும் இரண்டு டேப்பெட்டும் தெரியும். குளிர்ந்த எஞ்சினில், பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்கும்போது, டேப்பெட்டுக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே இன்டேக் இடைவெளி 8 முதல் 10 தௌ, எக்ஸாஸ்ட் 17 முதல் 20 தௌ இருக்கவேண்டும். ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) இன்டேக் 8 காட்டியது. எக்ஸாஸ்ட்டில் 3 தௌ பிளேடே இழுபறியாகத்தான் நுழைந்தது.

எக்ஸாஸ்ட்டுக்கு ஏன் இன்டேக்கைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி? இன்டேக் வால்வை ஒவ்வொரு முறையும் புதுக் கலவை குளிர்விக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வு எரிந்த வாயுவிலேயே குளிக்கிறது. அதன் தண்டு சூட்டில் நீளும். நீள்வதற்கு இடம் இல்லையென்றால், கீழே டேப்பெட்டில் முட்டிக்கொண்டு, மேலே வால்வின் தலை அது உட்காரும் சீட்டை விட்டு எழும்பி நிற்கும். 3 தௌ இடைவெளி இருபது நிமிடச் சூட்டில் தீர்ந்துவிடுகிறது. ஆறியதும் தண்டு சுருங்கி வால்வு உட்காருகிறது. புகார் முழுவதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

இந்த எஞ்சினில் டேப்பெட்டுக்குத் திருகும் பூட்டு நட்டும் உண்டு. (அதே குடும்பத்தின் சிறிய 8 குதிரை கே181-இல் அது கிடையாது, வால்வுத் தண்டின் அடியைத் தேய்த்துத்தான் இடைவெளி கூட்டமுடியும். அதிகமாகத் தேய்த்துவிட்டால் வேறு வால்வுதான்.) எக்ஸாஸ்ட்டை 18 தௌ வைத்து, மீண்டும் சூடாக்கிப் பார்த்ததில் எஞ்சின் சூட்டிலேயே திரும்பத் திரும்ப ஸ்டார்ட் ஆனது. சூட்டுக் கசிவு 80-க்கு 54, அதாவது 32 சதவீதம்.

இத்தோடு நிறுத்தி வண்டியை ஓட்டலாமா என்றால், கூடாது. இரண்டு காரணங்கள். சைலன்சரில் இன்னும் மெல்லிய உஸ் இருந்தது. வால்வு முகம் கருகியிருக்கிறது என்று பொருள். அதைவிட முக்கியம், 18 தௌ தானாக 3 தௌ ஆகாது. வால்வு சீட்டுக்குள் இறங்கினால்தான் ஆகும். அதை இறக்கியது எது என்று கண்டுபிடிக்காமல் இடைவெளியை மட்டும் கூட்டினால், சில மாதங்களில் அதே இடத்தில் வந்து நிற்கும்.

தகரத்துக்கு அடியில்

ஃப்ளைவீல் உறையையும் சிலிண்டரைச் சுற்றிய காற்றுத் தகரங்களையும் கழற்றியதும் காரணம் கண்ணுக்கு நேராக இருந்தது. வால்வு பக்கத்துக் குளிர்விப்பு இதழ்களுக்கு நடுவே காய்ந்த புல்லும் எலிக் கூட்டுப் பஞ்சும் ஆயிலில் ஊறி, சூட்டில் வெந்து, தார்போல் இறுகியிருந்தன. விரல்நகத்தால் கீறினால் தூளாக உதிராமல் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. ஹெட்டின் மேல் இதழ்கள் பளிச்சென்று இருந்தன, ஏனென்றால் அவை வெளியே தெரியும் இதழ்கள். யாரோ அவற்றை மட்டும் துடைத்துவந்திருக்கிறார்கள். உள்ளே எக்ஸாஸ்ட் போர்ட்டைச் சுற்றிக் காற்றே போகவில்லை.

காற்றால் குளிரும் எஞ்சினுக்கு இந்தத் தகரங்கள்தான் ரேடியேட்டர். கழற்றிய தகரம் ஒன்றைத் திரும்ப மாட்டாமல் விட்டாலும் காற்று சுலபமான வழியாக வெளியேறி, தேவையான இடத்தைத் தொடாமல் போய்விடும். வாங்கும் பழைய டிராக்டர் எதுவானாலும், ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்வதற்கு முன் உறையைக் கழற்றிப் பார்ப்பதே சரி. நான்கைந்து போல்ட் வேலை.

சுத்தம் செய்யக் கூர்மையான இரும்புக் கம்பி வேண்டாம். மரக்குச்சி, பழைய பிரஷ், டீசல் போதும். பிறகு பெயின்ட் அடிக்கும் ஆசை வந்தால், சூடு தாங்கும் எனாமலை ஒரே ஒரு மெல்லிய பூச்சாக அடிக்கலாம். பளபளப்புக்காக மூன்று நான்கு பூச்சு ஏற்றினால் இதழ்களுக்குப் போர்வை போர்த்தியதற்குச் சமம்.

பிரித்து அளந்தது

ஹெட் கழற்றியதும் எக்ஸாஸ்ட் வால்வின் முகத்தில் ஒரு பக்கம் குழிகள், தலையின் ஓரம் கத்திபோல் மெலிந்திருந்தது. ஓரத்தின் தடிமன் 1/32 அங்குலத்துக்குக் கீழே போனால் அந்த வால்வைத் தேய்த்துச் சரிசெய்வதில் பயனில்லை. மெலிந்த ஓரம் சீக்கிரம் கருகும். புது வால்வு போடப்பட்டது. எக்ஸாஸ்ட் சீட் என்பது பிளாக்கில் அழுத்தி வைத்த தனி வளையம். அதிகச் சூடு கண்ட எஞ்சினில் அது தளர்ந்திருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது அவசியம். இதில் இறுக்கமாகவே இருந்தது. 45 டிகிரியில் சீட்டைப் புதிதாக வெட்டி, அகலம் 1/32-க்கும் 3/64 அங்குலத்துக்கும் நடுவே நிறுத்தி, கிரைண்டிங் பேஸ்ட் போட்டு வால்வைத் தேய்த்து உட்காரவைத்தது. சீட்டை அகலமாக விட்டால் கரி ஒட்டும், கசியும். நூலாக ஆக்கினால் வால்வின் சூடு பிளாக்குக்கு இறங்காது.

ஹெட்டைக் கண்ணாடிப் பலகையில் கவிழ்த்து ஓரமாக ஃபீலர் விட்டால் 5 தௌ நுழைந்தது. 3 தௌவுக்கு மேல் வளைந்தால் சமன் செய்யவேண்டும். கண்ணாடிமேல் உப்புத்தாள் ஒட்டி, எட்டு வடிவில் தேய்த்ததில் ஒரு மணி நேரத்தில் சமமானது.

சிலிண்டர் விஷயம் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டியது. போர் கேஜால் மூன்று உயரத்தில், இரண்டு திசையில் அளந்தது. கிராங்க் நீளவாக்கில் அதிகபட்சம் 3.3765. குறுக்குவாக்கில், மேல் ரிங் நிற்கும் உயரத்தில், 3.381. புதிதில் 3.375 என்பதால் தேய்மானம் 6 தௌ. வெறும் ரிங் மாற்றும் நிலையை இது தாண்டிவிட்டது. ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 10, 20, 30 தௌ என்று வருகின்றன. 6 தௌ தேய்மானத்துக்கு 10 போதும் என்று மனம் சொல்லும். அது தப்புக் கணக்கு. பிஸ்டன் தள்ளுவது ஒரு பக்கச் சுவரை. தேய்மானத்தில் பெரும்பகுதி அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கும். பழைய மையத்திலேயே வைத்து 10 தௌ போரிங் செய்தால் ஒவ்வொரு பக்கமும் 5 தௌதான் வெட்டும். 6 தௌ பள்ளத்தின் அடி வெட்டப்படாமல் நிற்கும். மையத்தை நகர்த்தி வெட்டினால் பள்ளம் போகும், ஆனால் சிலிண்டர் கிராங்குக்குச் சரியான இடத்தில் இருக்காது. ஆகவே 20 ஓவர்சைஸ், 3.395 அங்குலம். போரிங்கை வெளிப் பட்டறையில், பிஸ்டனைக் கையில் கொடுத்து, அதை அளந்து வெட்டச் சொல்வதே முறை.

ஹோனிங் (சாணைக் கற்களால் சுவரில் குறுக்குக் கோடுகள் இடுவது) முடிந்துவந்த சிலிண்டரைப் பெட்ரோலால் துடைத்து மாட்டிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பெட்ரோல் ஆயிலைக் கரைக்குமே தவிர, குறுக்குக் கோடுகளுக்குள் புதைந்த சாணைத் தூளை எடுக்காது. சுடுநீர், சோப்பு, விறைப்பான பிரஷ். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை கழுவி, உடனே காயவைத்து ஆயில் தடவவேண்டும். வார்ப்பிரும்பு பத்து நிமிடத்தில் துருப் பிடிக்க ஆரம்பிக்கும்.

கனெக்டிங் ராடு அலுமினியம். பேரிங் ஷெல் கிடையாது, ராடே நேராகக் கிராங்க் பின்மேல் ஓடுகிறது. ஆயில் பம்ப்பும் கிடையாது. ராடின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கரண்டி ஆயிலை வாரி இறைப்பதுதான் மொத்த லூப்ரிகேஷன். ஆயில் அளவு கரண்டிக்கு எட்டாத ஆழத்துக்கு இறங்கினால் ராடு சில நிமிடத்தில் பிடித்துக்கொண்டு முறியும், பெரும்பாலும் பிளாக்கையும் உடைத்துக்கொண்டு வரும். கிராங்க் பின் புதிதில் 1.500 அங்குலம். இதில் 1.4985, வட்டம் கெட்டது 1.2 தௌ. அரைத் தௌதான் அனுமதி. நீள்வட்டமான பின்மேல் புது ராடு போட்டால் எந்த இடைவெளியும் சரியான இடைவெளியாக இருக்காது. பின்னை 10 தௌ குறைத்து கிரைண்டிங் செய்து, 10 அண்டர்சைஸ் ராடு போடப்பட்டது. பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழை) வைத்து இறுக்கிப் பார்த்ததில் 1.5 தௌ, 1 முதல் 2 வரை இருக்கலாம்.

கிராங்கின் இரு முனை பால் பேரிங்கும் கழுவிக் காயவைத்துக் கையால் சுழற்றியபோது கரகரப்பு இல்லாததால் பழையவையே இருந்தன. இந்த எஞ்சின் குடும்பத்தில் சிலவற்றுக்கு உள்ளே இரண்டு பேலன்ஸ் கியர்கள் உண்டு. அவை உடைந்து பிளாக்கைத் துளைத்த எஞ்சின்கள் இருப்பதால், பிரிக்கும்போது பலர் கழற்றி வெளியே வைத்துவிடுகிறார்கள். இதில் அவை இல்லை.

பூட்டியது

ரிங்குகளைப் பிஸ்டனில் மாட்டுவதற்கு முன், ஒவ்வொன்றையும் வெறும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை அளக்கவேண்டும். புது போருக்கு 10 முதல் 20 தௌ. மூன்றும் 13-14 வந்தன. வாய்கள் ஒரே கோட்டில் நிற்காமல் சுற்றிப் பிரித்து வைத்தது. ராடிலும் மூடியிலும் உள்ள குறிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஃப்ளைவீல் பக்கம் பார்க்கவேண்டும். மூடியைத் திருப்பி மாட்டினாலும் போல்ட் இறுகும், அதுதான் ஆபத்து.

ராடு போல்ட்டுக்கான டார்க் அளவை யாரிடமும் கேட்டுப் போடக் கூடாது. இந்த எஞ்சினுக்குப் போல்ட் வகை, நட் வகை என்று வெவ்வேறு ராடுகள் வந்துள்ளன, ஒவ்வொன்றுக்கும் அளவு வேறு. மேனுவலில் அந்த ராடுக்கு உரியதை, அது அங்குல-பவுண்டா அடி-பவுண்டா என்பதையும் பார்த்து இறுக்கவேண்டும். ஹெட் போல்ட்டுகள் 25 முதல் 30 அடி-பவுண்டு, மேனுவல் சொல்லும் வரிசையில், மூன்று தவணையாக. ஃப்ளைவீல் உட்காரும் கூம்பில் ஆயிலோ கிரீஸோ கூடாது. அந்தக் கூம்பின் உலர்ந்த பிடிதான் ஃப்ளைவீலை நிறுத்துகிறது; கூம்பில் செருகும் சாவி என்ற சிறு இரும்புத் துண்டு இடத்தைக் காட்டுவதற்கு மட்டும்.

டைமிங் எளிது. பாயிண்ட் இடைவெளி 20 தௌ என்று தொடங்கி, ஒரு டெஸ்ட் பல்பைப் பாயிண்டுக்கு இணைத்து, ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுழற்றவேண்டும். ஃப்ளைவீலில் உள்ள "எஸ்" குறி, அதாவது உச்சிக்கு 20 டிகிரி முன்னால், பார்வைத் துளையின் நடுவுக்கு வரும் அதே கணத்தில் பல்பு அணையவேண்டும். அணையவில்லை என்றால் பாயிண்ட்டை நகர்த்து. பல்பும் ஃபீலரும் முரண்பட்டால் பல்பு சொல்வதைக் கேட்கவேண்டும். பிளக் இடைவெளி 35 தௌ.

கார்புரேட்டரில் முந்தைய கிட் வேலையில் இரண்டு பிழைகள் இருந்தன. மிதவை உயரம் பார்க்கப்படவில்லை. கவிழ்த்துப் பிடித்தால் மிதவைக்கும் உடலின் சமதளத்துக்கும் நடுவே 11/64 அங்குலம் வேண்டும். அதே அளவு டிரில் பிட்டின் தண்டை நுழைத்துப் பார்த்தால் போதும். மெயின் ஊசியும் யாரோ இறுக்கித் திருகியதால் நுனியில் வளையம் பதிந்திருந்தது. புது ஊசியை விரலால் மெல்ல அடைத்து, இரண்டு சுற்று திறந்து, அங்கிருந்து ஓடும்போது நிதானமாகத் திருத்தியது.

மற்ற பாகங்கள்

கியர் பெட்டி ஆயில் பால்போல் வெளுத்திருந்தது. கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்து மழைநீர் இறங்கியதன் விளைவு. வடித்து, டீசலால் கழுவி, ஹை-டிரான் ஆயில் 7 பைண்ட், ஏறக்குறைய 3.3 லிட்டர், ஊற்றப்பட்டது. இரண்டு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு அதையும் வடித்து மறுபடி புதிது. முதல் தடவையிலேயே மூலையில் தங்கிய நீர் வெளிவராது.

கிளட்ச் டிரைவ் ஷாஃப்டில் பின் நுழையும் துளைகள் முட்டை வடிவமாக விரிந்திருந்தன. பின் மட்டும் மாற்றினால் ஒரு பருவம்கூடத் தாங்காது, ஷாஃப்ட்டே புதிதாக மாற்றப்பட்டது. பழைய கிளட்ச் தட்டுகளில் அஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம் என்பதால் தூசியைக் காற்றால் ஊதாமல் ஈரத் துணியால் துடைக்கவேண்டும்.

ஸ்டார்ட் செய்த பின்

ஆயில் எஸ்ஏஇ 30, இரண்டு குவார்ட், ஏறக்குறைய 1.9 லிட்டர். பிளக் இல்லாமல் சில விநாடி சுற்றி ஆயிலைப் பரப்பிவிட்டு ஸ்டார்ட் செய்ததில் உடனே பிடித்தது. ஆனால் பேட்டரிக்கு சார்ஜ் ஏறவில்லை. இந்த வண்டியில் ஸ்டார்ட்டரும் ஜெனரேட்டரும் பெல்ட்டில் ஓடும் ஒரே இயந்திரம். வயரைக் கழற்றிப் பூட்டிய பிறகு அதன் துருவத்தை மறுபடி நிலைநாட்டவேண்டும், அது விடுபட்டிருந்தது. எஞ்சினை நிறுத்தி, ரெகுலேட்டரில் பேட்டரி முனையையும் ஜெனரேட்டர் முனையையும் ஒரு வயரால் ஒரு கணம் மட்டும் தொட்டு எடுத்ததும், அடுத்த ஸ்டார்ட்டில் சார்ஜ் வந்தது.

புது ரிங்குகள் சுவரோடு படிய வேண்டுமானால் பாரம் வேண்டும். மெதுவான வேகத்தில் வெறுமனே மணிக்கணக்கில் ஓடவிட்டால் சிலிண்டர் சுவர் வழவழவென்று மெருகேறி, நீலப் புகை நிரந்தரமாகிவிடும். பத்து நிமிடம் சூடானதும் வண்டி லேசான வேலையில் இறக்கப்பட்டது, பாரத்தை மாற்றி மாற்றி. மேல் வேகம் 3,600 ஆர்பிஎம் தாண்டாதபடி கவர்னர் சரிபார்க்கப்பட்டது. 5 மணி நேரத்தில் ஆயில் மாற்றம். வடித்த ஆயிலில் மெல்லிய வார்ப்பிரும்புச் சாம்பல் நிறம் இருந்தது, அலுமினியச் செதில் இல்லை. செதில் தெரிந்திருந்தால் ராடை உடனே கழற்றிப் பார்த்திருக்கவேண்டும். அன்று சூட்டில் கசிவுச் சோதனை: 80-க்கு 74. சைலன்சரில் சத்தம் இல்லை, பிரீதரில் மெல்லிய மூச்சு மட்டும்.

25 மணி நேரத்தில் இரண்டாவது ஆயில் மாற்றத்தின்போது குளிர்ந்த எஞ்சினில் டேப்பெட் பார்த்ததில் இன்டேக் 9 தௌ, வைத்தபடியே. எக்ஸாஸ்ட் 17. வைத்தது 18. புது வால்வும் புதிதாக வெட்டிய சீட்டும் படியும்போது ஒரு தௌ இறங்குவது இயல்பு என்பதால் 19-க்குக் கூட்டி வைக்கப்பட்டது. உறையைக் கழற்றி இதழ்களும் பார்க்கப்பட்டன. வால்வு பக்கத்தில் ஒரு கைப்பிடி புது வைக்கோல் துணுக்கு அதற்குள் சேர்ந்திருந்தது. 50 மணி நேரத்தில் இரண்டையும் மறுபடி பார்க்க நாள் குறித்தாயிற்று.